மச்சானின் சுண்டு விரல்

என் மச்சான் கண்ணை நம்ப மாட்டார். காதையும் அவ்வளவாக நம்ப மாட்டார். எதுவானாலும் தொட்டுப் பார்த்தாக வேண்டும், அதுவும் வலது கைச் சுண்டு விரலால். கஞ்சி ஆறிவிட்டதா, துணி காய்ந்துவிட்டதா, பிள்ளைக்குக் காய்ச்சலா, பலகைச் சுவரில் ஈரம் ஏறுகிறதா, எல்லாவற்றுக்கும் அந்த விரல்தான் நீளும். மற்ற விரல்கள் வேலை செய்து காய்த்துப் போய்விட்டன, இது ஒன்றுதான் சும்மாவே இருந்து சொகுசாக வளர்ந்தது, அதனால்தான் இதற்கு எல்லாம் தெரிகிறது என்பார். "மத்ததெல்லாம் கூலி மாப்ளே. இது தொரை" என்று அதை மட்டும் தனியாக நீட்டிக் காட்டிச் சிரிப்பார்.

அவர் பெயரை எங்கேயும் சொல்லக் கூடாது என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆனாலும் சத்தியம் சத்தியம்தான். மச்சான் என்றே எழுதிவிட்டுப் போகிறேன். என் அக்காவின் புருஷன். மலாயாவில், ஜொகூர் பாருவுக்கு வடக்கே உலு திராம் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் டிரெசராக இருந்தார். காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர் என்று பெயர்தானே ஒழிய, தோட்டத்தில் அவர்தான் முக்கால் டாக்டர். நிஜ டாக்டர் எப்போதாவது ஜொகூர் பாருவிலிருந்து காரில் வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை பங்களாவில் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சல், பேதி, பிரசவம், பாம்புக்கடி அத்தனையும் மச்சான் தலையில். ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முந்தைய சமாச்சாரம் இது. எனக்கு அதே தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கூண்டில் வேலை. கல்யாணம் ஆகாதவன். ஆகையால் அக்கா வீட்டில் சோறு, அக்கா வீட்டில் படுக்கை, ஞாயிற்றுக்கிழமை வந்தால் மச்சானுக்குக் கொத்தடிமை.

நாங்கள் ஆற்றோரத்து மூவார் ஊர்க்காரர்கள். அக்காவைப் பெண் பார்க்க மச்சான் மூவாருக்கு வந்த கதையை அப்பா சாகும்வரை சொல்லிச் சிரித்தார். காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். மாப்பிள்ளையாக வந்தவர் பெண்ணைப் பார்க்கவில்லை. சுண்டு விரலை டம்ளரின் மேல் வைத்து, "சூடு பத்தாது" என்றார். திரைக்குப் பின்னாலிருந்து அக்கா, "வாய் வெந்தா மருந்து போடுறதுக்கு வேற டிரெசரு வேணுமேன்னுதான் ஆற வச்சேன்" என்றாள். மச்சான் அதே டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சம்மதம் என்று எழுந்துவிட்டார். பெண்ணின் முகத்தைக் கல்யாணத்தன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தாராம். நான் இதை நம்பவில்லை. திரைக்கு அடியில் கால் தெரிந்திருக்கும்.

அவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. தொரை கார் வாங்கியதும், தோட்டத்தின் நாலு டிவிஷனுக்கும் போய்வர டிரெசருக்கு விட்டுக்கொடுத்த பழைய இங்கிலீஷ் வண்டி. அதற்கு எல்லா உறுப்பும் நன்றாகத்தான் இருந்தது, கழுத்தைத் தவிர. ஹேண்டிலையும் முன்சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கும் தண்டு வண்டியின் முன்பக்கக் குழாய்க்குள்ளே நிற்கிறதே, அந்த இடத்தைத்தான் மச்சான் கழுத்து என்பார். அதன் மேலேயும் கீழேயும் இரும்புக் கிண்ணம். கிண்ணத்துக்குள்ளே சுற்றிவரப் பட்டாணி மாதிரி எஃகு உருண்டைகள். எங்கள் செம்மண் சடக்குப் பாதையில் விழுந்து எழுந்து அந்தக் கிண்ணங்கள் தேய்ந்து போய்விட்டன. கொஞ்ச நாள் ஓடினால் கழுத்து லொடலொட என்று ஆட்டம் கண்டுவிடும். பிரேக் பிடித்தால் முன்பக்கம் 'டக்' என்று இடிக்கும். பள்ளத்தில் இறங்கினால் ஹேண்டில் கையை உதறும். புதுக் கிண்ணம் சீமையிலிருந்து வர வேண்டும் என்று ஜொகூர் பாருவில் சீனக் கடை முதலாளி தவுக்கே கையை விரித்துவிட்டான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் கழுத்து வைத்தியம் நடக்கும். வண்டியின் வயிற்றுக்கு அடியில் மண்ணெண்ணெய்ப் பெட்டியை வைத்து முன்சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிவிடுவார். நான் சக்கரத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அதைப் பிடித்திருக்கும் இரண்டு கால்களையும் அடியில் பற்றி, முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். அவர் கழுத்தின் இடுக்கில் சுண்டு விரலை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். அந்த இடுக்கில் வேறு விரல் நுழையாது.

"ஆட்டு மாப்ளே. மெதுவா. நீ என்னா மரவள்ளிக் கெழங்கா புடுங்கறே?"

ஆட்டுவேன். அவர் மேலே இருக்கும் நட்டை முதலில் கொஞ்சம் தளர்த்துவார். எனக்கு ஆரம்பத்தில் இது விளங்கவில்லை. ஆடுகிறது என்றால் இறுக்கத்தானே வேண்டும், எதற்காகத் தளர்த்துகிறீர்கள் என்று கேட்டேன். இறுக்கிக்கொண்டே போனால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது, அளவு தாண்டிவிடும், உருண்டைகள் கிண்ணத்தைக் கடித்துவிடும், ஹேண்டில் மரமாகிவிடும் என்றார். தளர்த்த வேண்டும், விரலுக்கு ஆட்டம் தட்டுப்பட வேண்டும், பிறகு அந்த ஆட்டம் மறைகிற அளவுக்கு மட்டும் நட்டைத் திருப்ப வேண்டும். கடைசியில் ஹேண்டிலை நடுவில் நிறுத்தி விட்டுவிடுவார். அது தன் பாரத்தில் தானாக ஒரு பக்கம் சாய வேண்டும். சாய்ந்தால் அன்றைய வைத்தியம் முடிந்தது. அதுவரை எனக்கு இடுப்பு ஒடியும். அக்கா படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே எங்கள் இருவரையும் கேலி பண்ணிக்கொண்டிருப்பாள். "பிள்ளையப் பெத்தாகூட இவ்வளவு நேரம் ஆவாது" என்பாள். அப்போது அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது.

நான் ஞாயிற்றுக்கிழமைகளை எவ்வளவு திட்டியிருப்பேன்! இன்றைக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடு என்று கேட்டால் யார் கொடுப்பார்கள்?

அவர் தொடாத ஆள் தோட்டத்தில் இல்லை. மற்ற தோட்டங்களில் டிரெசர் என்றால் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று நாக்கை நீட்டச் சொல்லி மருந்தை ஊற்றி அனுப்புவார்கள். இவர் நெற்றியைத் தொடுவார், வயிற்றை அமுக்குவார், புண்ணைச் சுற்றி விரலை வைத்துச் சூடு எதுவரை போயிருக்கிறது என்று பார்ப்பார். சீழ், ரத்தம், சொறி, சிரங்கு எதற்கும் அருவருப்பு கிடையாது. வீட்டுக்கு வந்ததும் அக்கா அவரைக் கிணற்றடியில் நிறுத்தி, வேப்பிலைத் தண்ணீரை ஊற்றிய பிறகுதான் படியேற விடுவாள்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர் ஒருவரை அப்படித் தொட்டுப் பார்த்ததுதான் எங்கள் கதையின் நடுவில் கிடக்கிறது. அந்த மனிதருக்கு முழங்கைக்குக் கீழே வெளுத்த படை. சிராய்த்தால் வலிக்கவில்லை என்றாராம். மச்சான் அவரை ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். கோழி இறகு ஒன்றை எடுத்துக்கொண்டார். நான் சொல்லாமல் தொடுவேன், தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும் என்றார். பெருநோய்க்கு, அதாவது குஷ்டத்துக்கு, அதுதான் சோதனை. அந்த மனிதர் டாண் டாணென்று "தொட்டீங்க, தொட்டீங்க" என்றார். ஆனால் இடத்தை மட்டும் மாற்றி மாற்றிக் காட்டினார். பார்த்தால், பின்னால் நின்ற அவர் பெண்சாதி ஒவ்வொரு தடவையும் அவர் முதுகில் கிள்ளிக்கொண்டிருக்கிறாள்!

மச்சான் கோபப்படவில்லை. "நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்றார். அவள் தள்ளி நின்றாள். அதன்பிறகு அந்த மனிதர் கண்ணை மூடியபடி வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

அந்தக் காலத்தில் அந்த வியாதி என்றால் வீட்டில் இருக்க விட மாட்டார்கள். சட்டம் அப்படி. வடக்கே வெகுதூரத்தில் அவர்களுக்கென்று வேலி போட்ட குடியிருப்பு ஒன்று இருந்தது. போனவர் திரும்பி வந்ததாக எங்கள் பக்கம் யாரும் பார்த்ததில்லை. மச்சான்தான் டாக்டருக்குச் சொன்னார். லாரி வந்தது. மற்றவர்கள் தூர நின்றபோது, மச்சான் அந்த மனிதரின் கையைப் பிடித்து லாரியில் ஏற்றிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து ஜொகூர் பாரு வரை போய்வந்தார். அந்தப் பெண் கத்தினாள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயமே வேடிக்கை பார்க்க, இரண்டு கையாலும் மண்ணை வாரி எங்கள் வீட்டைப் பார்த்துத் தூற்றினாள்.

அக்கா அன்று சாயங்காலம் மச்சானுக்கு மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். கமறவே இல்லை என்று அழுதாள். கமறினால் கண்ணேறு இல்லை, கமறாவிட்டால் இருக்கிறது என்று அவளுக்கு ஒரு கணக்கு.

"ஏங்க, அந்தாள விட்டிருக்கலாமில்ல? ஒரு ஓரமா இருந்துட்டுப் போறாரு."

"லயத்துல எத்தனை பச்சப் புள்ளைங்க இருக்கு, பாத்தியா? எல்லாத்தையும் அந்தாளுதான் தூக்கி வச்சிக்கிட்டுத் திரிஞ்சாரு. எனக்கு மட்டும் நோவாதா புள்ள?" என்றார் மச்சான். சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

பிற்பாடு, அந்தப் பெண் தூற்றிய மண்தான் பலித்தது என்று தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். என் காதுபடப் பேசிய ஒருவனை நான் அறைந்தேன். வியாதி மண்ணிலிருந்து வரவில்லை. யாரும் தொடாதவர்களைத் தொட்டதால் வந்தது என்றும் சொல்ல முடியாது, எத்தனையோ பேர் தொட்டார்கள். எங்கிருந்தோ வந்தது. அவ்வளவுதான்.

அக்காவுக்குப் பெண் பிறந்தது. மச்சானே பார்த்த பிரசவம். பிள்ளையைக் குளிப்பாட்டும் தண்ணீரைச் சுண்டு விரலை வைத்துப் பார்த்து அவர்தான் விளாவுவார். அந்த வேலையை அக்காவிடம்கூட விட மாட்டார். பிள்ளைக்கு நடை வந்து, வீட்டைச் சுற்றி ஓடத் தொடங்கிய சமயம். ஒருநாள் தண்ணீர் விளாவிவிட்டு "ஊத்து" என்றார். அக்கா ஊற்றினாள். பிள்ளை வீறிட்டது. தொடை சிவந்துவிட்டது.

"வெதுவெதுப்பாத்தானே இருந்திச்சி" என்றார் மச்சான். திரும்பவும் விரலை வைத்தார். "வெதுவெதுப்பாத்தான் இருக்கு."

அக்கா தன் கையை அந்தத் தண்ணீரில் விட்டு, வெடுக்கென்று எடுத்தாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள். மறுநாளிலிருந்து அவர் விளாவிய தண்ணீரில், அவர் அந்தப் பக்கம் போனதும், இன்னொரு செம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கலந்துகொண்டாள். நான் பார்த்தேன். மச்சானிடம் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஆட்டினேன். 'டக் டக்' என்று எனக்கே கேட்டது.

"ஆட்டம் இல்லே. சரியா இருக்கு" என்றார் மச்சான்.

"சத்தம் வருதே, மச்சான்."

"அது மட்கார்டு. அதுக்கு ஸ்குரு போயிருச்சி."

துணி துவைத்துக்கொண்டிருந்த அக்கா கல்லின் மேல் துணியை அப்படியே விட்டுவிட்டு எங்களைப் பார்த்தாள். அவள் டிரெசர் பெண்சாதி. கையில் உணர்ச்சி போவது எதன் அடையாளம் என்று அவளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அவருக்குத் தெரியவில்லையா என்று கேட்கலாம். ஊருக்கெல்லாம் சொன்னவருக்குத் தன் விரலைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. அத்தனை நம்பிக்கை அதன்மேல். அவருடைய உலகத்தில் பொய் சொல்லாதது அது ஒன்றுதானே.

அதன்பிறகு அக்கா ஒரு காரியம் செய்தாள். மச்சான் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரம், ஸ்பேனரை எடுத்து, கழுத்து நட்டைத் தானே இறுக்கிவிட்டாள். வண்டியில் ஆட்டமே இல்லாமல் போய்விட்டால் அவர் விரல் சொல்வது சரியாகிவிடும் அல்லவா? ஆடுகிற கழுத்தில் விழுந்து மண்டையை உடைத்துக்கொள்ளவும் மாட்டார். இத்தனை ஞாயிற்றுக்கிழமை படியில் உட்கார்ந்து பார்த்தவள்தான். ஆனால் தளர்த்திய பிறகு இறுக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவளுக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது! பயத்தில் இருந்த பலமெல்லாம் கூட்டி இறுக்கியிருக்கிறாள்.

சாயங்காலம் மச்சான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சட்டையெல்லாம் சேறு. முழங்கையில் ரத்தம்.

"அலமாக்! என்னா மச்சான் இது?"

"நேர்ச் சடக்குல கள்ளுக் குடிச்ச மாதிரி போவுது மாப்ளே. திருப்புனா திரும்ப மாட்டேங்குது, திரும்புனா நேராவ மாட்டேங்குது. சடக்கோரத் தண்ணிக் கானுக்குள்ள எறங்கிட்டேன்." ஹேண்டிலை ஒருபக்கம் தள்ளிக் காட்டினார். தள்ளிய இடத்தில் நின்றது. "கழுத்துல யாரு கை வச்சது? நீயா?"

"நான்தாங்க" என்றாள் அக்கா, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"நீயா? உனக்கு எதுக்கு இந்த வேலை?"

மச்சான் வேடிக்கையாக ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "சரி, சரி. பெட்டிய எடு மாப்ளே. வெளிச்சம் இருக்கையில முடிச்சிருவோம்" என்றார்.

முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தினோம். நான் குந்தினேன். அவர் சுண்டு விரலை இடுக்கில் வைத்து நட்டைத் தளர்த்தினார். நான் ஆட்டினேன். இன்னும் இறுக்கமாகவே இருந்தது. மறுபடியும் தளர்த்தினார். ஆட்டினேன். என் உள்ளங்கையில் லேசாகத் தட்டியது. இங்கேதான் அவர் நிறுத்த வேண்டும், 'வந்திருச்சி' என்று சொல்ல வேண்டும். நான் அவர் வாயைப் பார்த்தேன்.

"இன்னும் வரல" என்று சொல்லி இன்னும் தளர்த்தினார்.

'டக்' என்றது.

"வரலியே" என்று அவர் இன்னும் திருப்பினார். நான் ஆட்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் என்னவென்று சொல்லி நிறுத்துவது? கழுத்து 'டக டக'வென்று அடித்துக்கொண்டது. முன்சக்கரம் மொத்தமும் கையோடு வந்துவிடும் போல ஆடியது. பிள்ளை அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தது. மச்சான் கண்ணைத் திறந்தார். அவர் விரல் இருக்கும் இடத்தில் இரும்பு விலகி விலகிச் சேர்வதை அவர் கண்ணே பார்த்தது. நான் கையை எடுத்துவிட்டேன்.

"ஆட்டு" என்றார்.

ஆட்டினேன். வலது சுண்டு விரலை எடுத்துவிட்டு இடது சுண்டு விரலை அங்கே வைத்தார். உடனே கையை இழுத்துக்கொண்டார். பிறகு திரும்பவும் வலதை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். அவர் முகத்தில் பயமோ அழுகையோ இல்லை. நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அந்த முகம்தான் இருந்தது.

"கோழிக் கூண்டுல ஒரு எறகு எடுத்துக்கிட்டு வா, மாப்ளே."

"எதுக்குங்க இப்ப அதெல்லாம்? மேலு கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றாள் அக்கா.

அவர் படியில் போய் உட்கார்ந்து, வலது கையை முழங்காலின் மேல் விரித்து வைத்தார். நான் இறகைக் கொண்டுவந்தேன். கொண்டுவராமல் ஓடிப் போயிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. கண்ணை மூடிக்கொண்டு, "சொல்லாம தொடு" என்றார்.

சுண்டு விரல் நுனியைத் தொட்டேன். அவர் காத்திருந்தார். விரலின் பக்கவாட்டில் தொட்டேன். பக்கத்து விரலைத் தொட்டேன். உள்ளங்கையின் ஓரமெல்லாம் தடவினேன். அவர் காத்துக்கொண்டேயிருந்தார்.

"தொடு மாப்ளே. என்னா யோசிக்கிறே?"

இறகு மடங்குகிற மாதிரி அழுத்தினேன்.

"இன்னும் தொடலியா?"

"இன்னும் இல்லே மச்சான்" என்றேன்.

அப்போது அக்கா பிள்ளையைக் கீழே விட்டுவிட்டு அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். நான் மறுபடி தொட்டபோது, அவள் கை அவர் தோளை இறுகப் பிடித்தது. எதையும் திட்டம் போட்டுச் செய்யவில்லை அவள், அவளுக்கே தெரியாமல் பிடித்துவிட்டாள்.

மச்சான் கண்ணைத் திறக்காமலே சிரித்தார்.

"இவன் இன்னும் தொடலேங்கிறான். உன் கை தொட்டாச்சுங்குது. ரெண்டு பேரும் சேந்து எனக்கே வைத்தியம் பாக்கறீங்களா?" என்றார். பிறகு, "நீ கொஞ்சம் தள்ளி நில்லு புள்ள" என்றார்.

அக்கா தள்ளி நிற்கவில்லை. அவர் முதுகின் மேலேயே சரிந்து விழுந்து அழுதாள். மச்சான் பிள்ளையைத் தேடிப் பார்த்து, "மாப்ளே, பாப்பாவத் தூக்கிட்டு உள்ள போ" என்றார். அதுதான் தொடக்கம். அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு அவர் பிள்ளையைத் தொடவில்லை.

டாக்டர் வர இன்னும் சில நாள் இருந்தது. அக்கா அவரை விடவில்லை. ஒரு விரல்தானே, யாருக்குத் தெரியப் போகிறது, மூவாருக்குப் போய்விடலாம், அப்பா இருக்கிறார், ஆற்றோரம் ஒரு குடிசை போட்டுக்கொண்டு யார் கண்ணிலும் படாமல் இருந்துவிடலாம் என்றாள். காலைப் பிடித்துக் கேட்டாள். நானும் அவள் பக்கம்தான் பேசினேன்.

"அங்க போனா பாப்பாவ யாரு தூக்குவா?" என்று கேட்டார் மச்சான்.

"நீங்கதாங்க தூக்குவீங்க. வேற யாரு?"

"அதான் புள்ள. பக்கத்துல இருந்தேன்னா தூக்கிருவேன்."

அவள் அடங்கவில்லை. "அந்தாள அனுப்பிட்டோமேன்னுதான நீங்களும் போறீங்க? வீம்புக்குப் போறீங்க!" என்று கத்தினாள். அதற்கு அவர், "அதுவும் இருக்கு" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதரோடு சண்டை போடவும் முடியாது.

டாக்டர் வந்ததும் தானே போய்ச் சொல்லிவிட்டார். வடக்கே போன பிறகு இரண்டொரு முறை அக்கா ரயிலேறிப் பார்க்கப் போனாள். நடுவில் வேலி. பிள்ளையைக் கொண்டுவரக் கூடாது என்பது அவர் கட்டளை. அங்கேயும் டிரெசர் வேலைதான் பார்க்கிறார், புண்ணுக்குக் கட்டுப் போடுகிறார், இடது கையால் பழகிக்கொண்டாராம் என்று வந்து சொல்வாள். பிறகு ஜப்பான்காரன் வந்தான். ரயிலும் நின்றது, சேதியும் நின்றது. எல்லாம் முடிந்து விசாரித்தபோது, சாப்பாடு இல்லாத அந்த வருஷங்களில் அங்கே செத்துப் போனவர்களில் அவரும் ஒருவர் என்றார்கள். இன்றைக்கு அந்த வியாதிக்கு மாத்திரை இருக்கிறது. வீட்டில் இருந்துகொண்டே, பிள்ளைகுட்டிகளோடு இருந்துகொண்டே சரியாகிவிடுகிறது என்கிறார்கள். கொஞ்சம் முன்னால் கண்டுபிடித்திருக்கக் கூடாதா, பாவிகளே!

லாரி வந்த காலையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். மச்சான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தகரப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு படியிறங்கினார். அக்கா வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லாரி கொஞ்சம் தள்ளி நின்றது. பெட்டியை அதில் போட்டுவிட்டு அவர் திரும்பியபோது, பிள்ளை அக்காவின் கையை உதறிவிட்டு, "அப்பா" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடியது. தூக்கச் சொல்லி.

நான் பிடிப்பதற்குள் பக்கத்தில் போய்விட்டது. மச்சான் ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். பிள்ளை நின்று, அவரை அண்ணாந்து பார்த்தது. உதடு பிதுங்கியது. அழப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது.

"புடி பாப்போம்" என்றார் மச்சான். "அப்பாவப் புடி பாப்போம்!"

பிதுங்கிய உதடு சிரிப்பாக மாறியது. ஓடியது. அவர் பின்னால் நடந்தார். இப்படிப் போக்குக் காட்டி, அப்படிப் போக்குக் காட்டி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஐயோ, புடிச்சிருவா போலருக்கே, புடிச்சிருவா போலருக்கே" என்று சொல்லிக்கொண்டே வாசல் முழுக்கப் பின்னால் பின்னால் நடந்தார். பிள்ளை கெக்கெக்கே என்று சிரித்து விழுந்து எழுந்து துரத்தியது. லாரிக்காரர் ஒரு மலாய்க்காரர், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்படியே பின்னால் நடந்து வந்து, லாரியின் விளிம்பு முதுகில் இடித்ததும், மச்சான் திரும்பாமலே கையை ஊன்றி மேலே ஏறி உட்கார்ந்தார்.

"அப்பாவப் புடிக்க முடியல பாத்தியா" என்றார்.

லாரி கிளம்பியது. பிள்ளை அழவில்லை. தோற்றுப் போனதற்காக இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று, பிறகு கையைத் தட்டிச் சிரித்தது. அவரும் கண்ணுக்குத் தெரிகிறவரை சிரித்துக்கொண்டே போனார்.

மறுநாள் காலை எழுந்ததும் பிள்ளை நேரே வாசலுக்கு ஓடிப் போய், லாரி நின்ற இடத்தில் நின்று, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு காத்திருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் படியிறங்கிப் போய், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "புடி பாப்போம்" என்று சொல்லிப் பின்னால் நடந்தேன்.

அது நகரவில்லை. "நீ இல்லே" என்றது.